நான் செத்துப்போன அத்தியாயம்

நான் செத்துப்போன செய்தி முள்ளிப்பட்டிலிருந்து எட்டேகால் பஸ்ஸில் வந்து இறங்கியது.

நான் அப்போது பின்கட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் சிக்குன்குனியா ஆரணியில் வீட்டுக்கு இரண்டு பேரைப் படுக்கப் போட்டிருந்தது. எனக்கும் வந்து, பன்னிரண்டு நாள் கை கால் மடக்க முடியாமல் கிடந்து, அன்றைக்குத்தான் சுவரைப் பிடிக்காமல் நடந்திருந்தேன். வாசலில் யாரோ குரலெடுத்து அழுவது கேட்டது. பக்கத்து வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று வாயைக்கூடச் சரியாகக் கொப்பளிக்காமல் நொண்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன்.

ஐந்து பேர் நின்றார்கள். எங்களிடம் பாவுநூலும் ஊடைநூலும் வாங்கிப்போய்ப் பட்டு நெய்து தருகிற முள்ளிப்பட்டுப் பெரியவர், அவர் மனைவி, அவர்கள் தெருக்காரர்கள் மூன்று பேர். பெரியவர் கையில் இலையில் சுற்றிய ரோஜா மாலை. அழுதுகொண்டிருந்தது அவர் மனைவிதான். என்னைப் பார்த்ததும் அந்தம்மாவுக்கு அழுகை பாதியில் நின்றது.

“யோவ், பாப்பா கீதுய்யா! உசுரோட கீது!”

நாற்பத்தொரு வயதிலும் அவர்களுக்கு நான் பாப்பாதான். எங்கள் அப்பா காலத்திலிருந்து அவர்கள் எங்களுக்கு நெய்கிறார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அப்பா போன பிறகு, வேலை கொடுப்பது, நெய்ததைப் பார்த்து வாங்குவது எல்லாம் என் தலையில் விழுந்தது. வேலை கொடுக்கிற வீட்டில் சாவு விழுந்தால் மூன்றாம் நாள் வரை யாரும் தறியில் இறங்குவதில்லை என்பது அவர்கள் தெருவில் ஒரு வழக்கம். அப்பாவுக்கு அப்படித்தான் நிறுத்தினார்கள். அன்று காலை எனக்காக நான்கு தறிகளை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். முந்தின நாள் சாயங்காலம் பெரியவர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். கடையில் ஒரு வாரப் பத்திரிகை கிடந்திருக்கிறது. அதில் சென்னையில் இருக்கிற என் அண்ணனின் போட்டோ. மேலே கொட்டை எழுத்தில் ‘தங்கையின் கடைசி நாள்’. பெரியவர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். தலைப்பைக் கூட்டி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டதாம். அதற்கு மேல் படிக்கவில்லை. பன்னிரண்டு நாளாக நான் அந்தப் பக்கம் போகவில்லை, எங்கள் வீட்டுப் போனும் மழையில் செத்துக் கிடந்தது. அண்ணனுக்கு இருக்கிறது ஒரே தங்கை. வேறு என்ன நினைப்பார்கள்?

அந்தம்மா என்னைக் கட்டிக்கொண்டு, நான் உயிரோடு இருப்பதற்கு இன்னொரு தடவை அழுதார். “திருஷ்டி கழிஞ்சிது பாப்பா. இந்த மாதிரி சேதி வந்தா ஆயுசு கெட்டி.” மாலையை என்ன செய்வது என்று ஒரு பிரச்சினை வந்தது. சாவுக்கு வாங்கினதைத் திருப்பி எடுத்துப்போகக் கூடாது, சாமிக்கும் போடக் கூடாது. கொண்டாங்க என்று வாங்கி அப்பா படத்துக்குப் போட்டேன். நல்ல மாலை, அளவும் சரியாக இருந்தது.

உள்ளேயிருந்து அம்மா, “யாருடி அழுவறது?” என்று கேட்டாள். அம்மாவுக்குக் கண் அழுத்த நோய். அந்த வருஷம் பகலா இரவா என்று மட்டும்தான் தெரியும், காது மட்டும் பாம்புக் காது. அவளிடம் போய், உன் பெண் செத்துவிட்டாள் என்று பத்திரிகையில் வந்திருக்கிறது என்று சொல்ல முடியுமா?

“அடுத்த தெருவுல யாரோ போயிட்டாங்களாம்மா.”

“யாரு?”

“உனக்குத் தெரியாதவங்க.”

காபி போட்டுக் கொடுத்தேன். தம்ளரை ஊதிக்கொண்டே பெரியவர் சொன்னார்: “தெருவுல திரும்பும்போதே பாத்தேன் பாப்பா. வாசல்ல பந்தல் இல்ல, நாற்காலி இல்ல, ஒரு ஆள் இல்ல. எங்க பாப்பாவுக்கு ஒரு ஜனங்கூட வரலியேன்னு மனசு பேஜாராப் பூடுச்சி. அதான் இவள, நல்லா சத்தமா அழுவுடின்னு சொன்னேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் பஸ்ஸுக்குப் போனதும் தம்ளர்களைக் கழுவ உட்கார்ந்தவள், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வாசல் காலியாக இருப்பதைப் பார்த்து, நான் சாகவில்லை என்று அந்த மனுஷருக்குத் தோன்றவில்லை. எனக்கு அழ ஆள் இல்லை என்றுதான் தோன்றியிருக்கிறது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இன்றைக்கு நான் போனாலும் வாசல் அப்படித்தான் இருக்கும்.

மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அந்தப் பத்திரிகையை வாங்கினேன். கடைக்காரர் எதிரிலேயே நின்று படித்தேன். அண்ணன் ஒரு நாவல் எழுதியிருந்தான், அதிலிருந்து ஓர் அத்தியாயத்தை எடுத்துப் போட்டிருந்தார்கள். நாவல் எழுதுகிறான் என்று எனக்குத் தெரியும். எதைப் பற்றி என்று சொன்னதில்லை. எங்கள் வீடு அப்படியே இருந்தது. கூடத்தில் இரண்டு குழித்தறி, அப்பா பாவு நனையக் கூடாது என்று மழைக்கு முன்னாலேயே கத்துகிற கத்தல், அம்மாவின் இருமல், பின்கட்டில் வழுக்குகிற அந்த ஒரு கல் கூட இருந்தது. தங்கைக்கு ஒன்பது வயது. காய்ச்சல் வருகிறது. ஐந்தாம் நாள் விடியும்போது செத்துப்போகிறாள்.

ஒன்பது வயதில் எனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது உண்மை. நான்காம் நாள் இறங்கிவிட்டது. எழுந்து உட்கார்ந்து காராபூந்தி வேண்டும் என்று கேட்டேன். இந்த அண்ணன்தான் கடைக்கு ஓடினான். வழியில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கொடுத்தான். அதை எழுதியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? அந்த அத்தியாயத்தில் எரிச்சலான விஷயம், அது நன்றாக இருந்ததுதான். என் சாவுக்கு நானே கண் கலங்கினேன். கடைக்காரர், “இன்னாக்கா, அவ்ளோ சோகமா?” என்று கேட்டார்.

நான் நாவல் படிக்கிறவள். ஊரில் வேறு எனக்கு என்ன போக்கிடம்? நூலகத்தில் புதிதாக வருகிற எதையும் விடமாட்டேன். அந்த வருஷங்களில் வந்த நாவல்களில் முக்கால்வாசி வீட்டுக்குத் திரும்புகிற நாவல்கள். ஒருவன் ஊரைவிட்டுப் போகிறான். இருபது வருஷம் கழித்து ஒரு மத்தியான வேளையில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறான். பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கிறான், பெட்டியைத் திறக்கிறான், அம்மாவின் சேலை வாசனை வருகிறது, ஞாபகம் அவனைப் பிடித்து இழுக்கிறது. படிக்கும்போது எனக்கும் அழுகை வரும், பொய் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கத் தோன்றும். அந்த இருபது வருஷமும் அந்த அறையைப் பெருக்கினது யார்? பெட்டிக்குள் பூச்சி வராமல் வேப்பிலை போட்டது யார்? கூடவே இருந்தவளை இறந்த காலம் எங்கே வந்து இழுக்கும்? அவள் அதற்குத்தான் தினமும் கஞ்சி வைத்துக்கொண்டிருக்கிறாளே. அப்படி ஒருத்தி எழுதின நாவல் என் கையில் இன்னும் கிடைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் புத்தகம் கூரியரில் வந்தது. முதல் பக்கத்தில் ‘அம்மாவுக்கும் அப்பாவின் நினைவுக்கும்’ என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே வெள்ளையாக நிறைய இடம் இருந்தது.

அம்மா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தாள். முகர்ந்தாள். “எம்புள்ள எழுதினது” என்று காய்கறி கொண்டுவருகிற அம்மாவிடம் காட்டினாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, “படிச்சிக் காட்டு, மொதல்ல இருந்து கடைசி வரைக்கும், ஒரு எழுத்து வுடாத” என்றாள்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நான் சாகிறேன். அதை என் வாயாலேயே படித்துக் காட்டினால், அவள் தாங்கமாட்டாள் என்பது ஒரு பக்கம். வேறொரு பயமும் இருந்தது, அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மகன் எழுதிவிட்டான் என்றால் அம்மாவுக்கு அது வேதம். தாங்கிக்கொண்டு, “கதைதானே, அவன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டால்? பக்கத்தில் இருக்கிற எனக்காக ஒரு வார்த்தை கோபப்படாமல் போய்விட்டால்? அதை என்னால் தாங்க முடியாது. எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான்.

தினமும் சாப்பாடு ஆனதும் இரண்டு மணிக்குப் படிப்போம். நூற்றுப் பதினொன்று வரை ஓர் எழுத்து விடவில்லை. மறுநாள் நூற்றுப் பன்னிரண்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததைப் படித்தேன். காய்ச்சல் இறங்கியது. தங்கை எழுந்து உட்கார்ந்தாள். காராபூந்தி கேட்டாள். அண்ணன் ஓடினான், பாதியைத் தின்றான்.

அம்மா கைதட்டாத குறை. “ஆமாடி! அந்தப் பொட்டலத்த நான்தான் பிரிச்சேன். பாதிதான் இருந்திச்சி. எப்டி ஞாபகம் வெச்சிகினு கீறான் பாரு!”

“ஆமாம்மா” என்றேன். நாக்கு கசந்தது.

அதோடு விட்டதா? செத்தவளைப் பிழைக்க வைத்தாகிவிட்டது, மிச்சம் நூற்றைம்பது பக்கத்துக்கும் அவளை எங்கே வைப்பது? ஒவ்வொரு காட்சியிலும் எனக்கு ஒரு இடம் செய்துகொண்டேன். அப்பா தறியில் உட்கார்ந்திருக்கிறார், தங்கை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். விருந்தாளி வந்தார், தங்கை தேநீர் போட்டாள். தீபாவளிக்கு முன்னால் அவசரம், தங்கை பாவு பிணைத்தாள். முடிந்த பாவின் இழையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்கிற வேலை அது. ஆயிரக்கணக்கான இழை, கழுத்து ஒடிந்துபோகும். ஒரு வாரம் இப்படிப் படித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அட பைத்தியமே, இஷ்டத்துக்குப் பொய் சொல்லலாம், கேட்பவளுக்கு எழுத்து தெரியாது, தட்டிக் கேட்க ஆளில்லை. அப்போதும் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்த நாள் துணிந்தேன். ப்ளஸ் டூ முடித்த தங்கைக்கு வேலூர் காலேஜில் இடம் கிடைத்தது. அது நிஜமாகவே எனக்குக் கிடைத்ததுதான். அண்ணன் அதே மாதம் மெட்ராஸ் போனான், அப்பாவுக்குக் கால் முடியாமல் போனது, ஒருத்தராவது வீட்டில் இருக்க வேண்டும் என்றார்கள், இருந்தேன். வரன்கள் வந்தன, இந்த வீட்டை யார் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போட்டார்கள், பிறகு வருவதும் நின்றது. படிக்கும்போது அதையெல்லாம் சொல்லவில்லை. தங்கை மஞ்சள் தாவணி கட்டிக்கொண்டு, கையில் இரண்டு நோட்டோடு வேலூர் பஸ்ஸில் ஏறினாள், ஜன்னலோரம் இடம் கிடைத்தது என்று படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு மூச்சு வாங்கியது.

அம்மா சிரித்தாள். “இது பொய். நீ எங்க போன? இங்கியேதான கீற.”

புத்தகம் முழுக்க அவள் பொய் என்று சொன்னது அந்த ஒரே இடத்தைத்தான். நான் பக்கத்தைப் புரட்டினேன். “பொய்யா இருந்தாலும் கேக்க நல்லா கீது. ஜல்தியா மேல படி” என்றாள்.

போன் சரியானதும் அண்ணன் பேசினான். “புக் வந்துச்சா?”

“வந்துச்சி. அம்மாவுக்குப் படிச்சிகினு கீறேன்.”

அம்மா என்ன சொன்னாள் என்று அவன் கேட்கவில்லை. “தீபாவளிக்கு வரேன்” என்றான். வழக்கமாக அவன் மனைவி வீட்டுக்குத்தான் தீபாவளிக்குப் போவான்.

சொன்னபடி வந்தான், தனியாக. அம்மா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டு புத்தகத்தைப் பற்றியே பேசினாள். “எல்லாத்தையும் வுட அந்தக் காராபூந்தி எழுதின பாரு, அங்கதான் எனக்கு அழுகாச்சி வந்துடுச்சி. ஜொரம் எறங்கி கொழந்த எழுந்து ஒக்காருது. எவ்ளோ அழகா எழுதிக்கீற!”

அவன் என்னைப் பார்த்தான். நான் முறுக்குத் தட்டை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். பின்னாலேயே வந்தான்.

“ஏன் மாத்திப் படிச்ச?”

“ஏன் என்னைச் சாகடிச்ச?”

தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “மூணு வருஷம் உன்னை உயிரோட வெச்சுதான் எழுதினேன். கதையில அவன் மெட்ராஸ் பஸ் ஏறற இடம் வந்ததும் நின்னுடும். அப்பாவுக்குக் கால் முடியல, தங்கச்சிக்கு வேலூர்ல சீட் கெடச்சிருக்கு, இவன் பெட்டிய எடுத்துக்கிட்டுக் கிளம்பறான். எப்படி எழுதினாலும் படிக்கறவங்களுக்கு அவனைப் பிடிக்காது. எனக்கே பிடிக்கல. ஒரு நாள், தங்கச்சி சின்ன வயசுலயே போயிட்டான்னு வெச்சுப் பார்த்தேன். அன்னிக்கே அவன் பஸ் ஏறிட்டான்.”

எனக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது.

“நல்லாயிருக்கு நியாயம்! நான் செத்தாதான் நீ பஸ் ஏற முடியுமா? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதுதானே ஏறின? உன் பெட்டிய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிகினு வந்தது யாரு? பேயா?”

“தெரியும்மா.”

“தெரியும் இல்ல? இருபது வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், ‘நான் போயிட்டேன், நீ மாட்டிகினே’ன்னு நேர்ல சொல்லியிருந்தா போதும் அண்ணா. ஒரு புக்கே எழுதத் தெரியுது. அது வரலியா வாயில?”

“அடுத்த பதிப்புல வேணும்னா...”

“ஒண்ணும் வேணாம்.”

கத்திவிட்டேன் போல. கூடத்திலிருந்து அம்மா, “அங்க இன்னா ரெண்டு பேரும் சண்ட போட்டுகினு கீறீங்க? இங்க வாங்க” என்று கூப்பிட்டாள். போனோம். “கடைசி அத்தியாயம் பாக்கி கீது. எழுதினவன் வாயாலயே கேக்கணும். நீ படி” என்று புத்தகத்தை அவன் பக்கம் நீட்டினாள்.

கடைசி அத்தியாயம் எனக்கு மனப்பாடம். இருபது வருஷம் கழித்து அவன் ஊருக்கு வருகிறான். கதவைத் தட்டுகிறான். யாரும் வந்து திறக்கவில்லை. அவனே தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போகிறான். கண் தெரியாத அம்மா மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறாள்.

அவன் படிக்க ஆரம்பித்தான். அவன் குரலில் கேட்கும்போது என் வாசிப்பெல்லாம் ஒன்றுமே இல்லை. அம்மா தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கினான், தெருவில் நடந்தான், வாசலுக்கு வந்தான். நான் தூணில் சாய்ந்து நின்றேன். அச்சடித்திருப்பதைப் படிக்கப் போகிறானா, இல்லை என்னை உள்ளே விடப் போகிறானா? வேறு எதுவும் எனக்கு அப்போது முக்கியமாக இல்லை.

“அவன் கதவைத் தட்டினான்” என்று படித்தான். நிறுத்தினான். பக்கத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான்.

“தங்கச்சி வந்து கதவத் திறந்தா” என்றான்.

அது புத்தகத்தில் இல்லை. புத்தகத் தமிழ்கூட இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்பாடா என்று இருந்தது.

அம்மா காத்திருந்தாள். அவன் மேலே சொல்லவில்லை. பக்கத்தைப் பார்த்தான், அங்கே ஒன்றும் இல்லை என்பது அவனுக்கே தெரியும்.

“அப்புறம்?” என்றாள் அம்மா. “கதவத் தெறந்தா. இன்னா சொன்னா?”

அவன் மறுபடி என்னைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் எத்தனை தடவை வந்திருப்பான், எத்தனை தடவை நான் திறந்திருப்பேன்! நான் உதவி செய்யவில்லை. அவனே சொல்லட்டும் என்று நின்றேன்.

“‘வா அண்ணா, சாப்டியா?’ன்னு கேட்டா” என்றான் கடைசியில்.

“அது நான் கேக்கறதாச்சே” என்றாள் அம்மா.

அவன் புத்தகத்தை மூடினான். நான் உள்ளே போய் உலை வைத்தேன். கதவைத் திறந்ததும் நான் கேட்பது ஒரே கேள்விதான். மெட்ராஸ் போய் முதல் தடவை வந்த நாளிலிருந்து அன்று காலை வரை, பையைக் கையில் வாங்கிக்கொண்டே, ஒரு தடவை விடாமல் கேட்டிருக்கிறேன்: “எத்தினி நாள் இருப்ப?”